ஐம்பத்தேழு வயதுப் பாட்டி

போன வாரக் கதையில் கும்ரானை அழகுசாதனக் கடை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். கைப்பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. பழைய தோலை உரித்துவிட்டுப் புதுத் தோலைக் கொண்டுவருமாம். கடைக்காரப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்.

"பத்து நிமிஷம் போதும்மா. உடனே கழுவிடணும். அப்புறம் ஒரு வாரத்துக்குத் தொடவே கூடாது."

கும்ரான் யார் பேச்சைத்தான் கேட்டிருக்கிறாள், இந்தப் பெண் பேச்சைக் கேட்க? பத்து நிமிஷத்துக்கே இவ்வளவு பலன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டாள். அதையும் விடாமல் தினமும் போட்டாள்.

இன்று சனிக்கிழமை. அவள் வளர்த்த பெண் சேபோமின் கல்யாணத்துக்காக இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள். காலையில் கண்ணாடியைப் பார்த்த கும்ரானுக்குப் பகீரென்றது. கன்னம் இரண்டும் அடுப்பில் வாட்டினாற்போல் சிவந்து கிடந்தன. மூக்கோரம் தோல் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது.

அப்போதும் விட்டாளா? சோறாக்கும் குக்கரில் கைபேசியைச் சாய்த்து வைத்துத் தினசரிப் பாடத்தை ஆரம்பித்தாள்.

"நாக்கை மேலண்ணத்துல நல்லா ஒட்டுங்க," என்றது திரையில் இருந்த முகம். "உதட்டு ஓரம் ரெண்டையும் மேலே தூக்குங்க. அப்படியே ஆ... ஏ... ஈ... கண்ணைச் சுருக்காதீங்க. வாயை ஏத்திட்டுக் கண்ணை எறக்கினா என்ன பிரயோஜனம்?"

அந்த முகத்துக்குச் சொந்தக்காரி யோன்ஹ்வா. பூசான் நகரத்துப் பெண்களுக்கெல்லாம் முகப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள். நெற்றியில் ஒரு கோடு கிடையாது, தாடையில் ஒரு தொங்கல் கிடையாது. கும்ரானுக்கு அவள் மூன்று வருஷம் மூத்தவள். பக்கத்தில் நிறுத்தினால் கும்ரானின் மகள் என்பார்கள். அந்த வயிற்றெரிச்சலே போதும். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

யோன்ஹ்வா, சேபோமின் அப்பா தோக்சூவுக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி கும்ரானின் அக்கா. அவள் கண்ணை மூடியபோது சேபோம் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிஜாங் கடற்கரைக்குப் போன கும்ரான், கடற்பாசி காயப்போட்டு விற்று அவளை வளர்த்தாள். வெயிலும் உப்புக்காற்றும் முகத்தில் செய்யவேண்டியதையெல்லாம் செய்தன. தனக்கென்று ஒரு கல்யாணம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. யோன்ஹ்வா வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான், எல்லாம் முடிந்த பிறகு.

கல்யாணத்தன்று பெண் உள்ளே வருவதற்கு முன், இரண்டு வீட்டு அம்மாக்களும் கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்திக் கைகோத்து நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவோடு நடக்கப்போவது யார்? வளர்த்தவளா, அப்பாவின் மனைவியா? சேபோம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. கும்ரானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது ஒரு மரியாதையா என்று வீம்பாக இருந்தாள். ஆனால் இளஞ்சிவப்பு ஹன்போக்கை மட்டும் யாருக்கும் தெரியாமல் தைத்து அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள்.

"ஆ..." என்று வாயைத் திறந்தபோது கன்னத்துத் தோல் சுரீரென்று இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் மேலேயே பவுடரை அப்பிக்கொண்டு புறப்பட்டாள்.

◆

கடலோர உணவகத்தில் தனி அறை எடுத்திருந்தார்கள். வாசலிலேயே யோன்ஹ்வா நின்றாள். பவுடர் இல்லை, பூச்சு இல்லை. உரித்த முட்டை மாதிரி முகம். பார்த்ததுமே கும்ரானுக்கு நாக்கு கசந்தது.

"கும்ரான், முகத்துக்கு என்ன ஆச்சு?"

"வெயில்."

"நவம்பர்லயா?"

"கிஜாங்ல எப்பவும் வெயில்தான் அக்கா. உங்களை மாதிரி நிழல்ல உக்காந்து வாயைக் கோணிக்காட்டிக் காசு வாங்கற பொழப்பா நமக்கு?"

யோன்ஹ்வா கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கோபித்தால் நெற்றி சுருங்குமே. தோக்சூ நடுவில் நின்று, "சாப்பாடு நல்லா இருக்கும்னு சொன்னாங்க," என்றார். அந்த மனிதர் எந்தச் சண்டையிலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்.

சேபோமும் மாப்பிள்ளை ஹன்கியோலும் இன்னும் வரவில்லை. பாலத்தில் ஏதோ விபத்தாம். வண்டிகள் நகரவில்லை, நீங்கள் ஆரம்பித்துவிடுங்கள் என்று சேபோம் செய்தி அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கப்பலில் இருக்கிறார். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா மட்டும்தான். ஆண்டோங்கிலிருந்து ரயிலில் வருகிறாள். ஆண்டோங்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சோறு ஆறினாலும் பொறுத்துக்கொள்வார்கள், மரியாதை ஒரு நூல் பிசகினால் தாங்க மாட்டார்கள்.

கதவு நகர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த சம்பந்தியம்மா, மூன்று முகங்களையும் ஒரு பார்வை பார்த்தாள். நேரே கும்ரானின் முன்னால் வந்து மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக் குனிந்தாள்.

"பாட்டியம்மா, தள்ளாத வயசுல எங்களுக்காகக் கெளம்பி வந்திருக்கீங்க. எங்க வீட்டுக்குப் பெரிய பாக்கியம்."

கும்ரானுக்குக் காது அடைத்துக்கொண்டது. காய்ந்த தோலின் மேல் அப்பிய பவுடர், வெடித்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி கோடு கோடாகப் பிளந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

"அது வந்து..." என்று தோக்சூ ஆரம்பித்தார். தோக்சூ ஆரம்பித்தால் முடிக்க ஒரு யுகம் ஆகும். அதற்குள் சம்பந்தியம்மா காரியத்தில் இறங்கிவிட்டாள்.

"நீங்க ஏன் கதவோரம் உக்காந்திருக்கீங்க? காத்து அடிக்கும். உள்பக்கம் வாங்க. யாரங்கே, இன்னொரு மெத்தை கொண்டாம்மா. முட்டி வலிக்குமில்ல."

கையைப் பிடித்து மெதுவாக, கீழே விழுந்துவிடுவாளோ என்ற பயத்தோடு நடத்திக்கொண்டுபோய், இரண்டு மெத்தை போட்டு நடுநாயகமாக உட்காரவைத்தாள். ஒரு மூட்டை ஈரப் பாசியை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள் கும்ரான்.

பூசணிக் கஞ்சி வந்தது. ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை. ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தால், எல்லார் கண்ணும் அவள் கரண்டியின் மேல் இருந்தது. மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்தால்தானே மற்றவர்கள் எடுக்கலாம்! நியாயமாகக் கும்ரானுக்கு முன்னால் கரண்டியை எடுக்க வேண்டியவள் யோன்ஹ்வா. அவளோ சின்னப் பெண்மாதிரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அப்போதுதான் சம்பந்தியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஹன்கியோல் எல்லாம் சொல்லியிருக்கான். அம்மா இல்லாத பிள்ளையை ஒரு சித்தி தனியா நின்னு வளர்த்தாங்களாம். அவங்களுக்கு ஒரு நமஸ்காரம் பண்ணணும்னுதான் முக்கியமா வந்தேன். அவங்க வரலையா?"

யோன்ஹ்வா கும்ரானைப் பார்த்தாள். சொல்லத்தான் வாயெடுத்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழுவழுப்பான முகத்தில் கும்ரான் பார்த்தது இரக்கத்தை. ஐயோ பாவம் என்ற இரக்கம். வேறு யார் இரக்கப்பட்டிருந்தாலும் பொறுத்திருப்பாள். 'நீங்கள் பாட்டி என்று நினைத்தது அந்தச் சித்தியைத்தான்' என்று இவள் எடுத்துச் சொல்ல, ஆண்டோங்காரி பதறி மன்னிப்புக் கேட்க, தன் முகத்தை எல்லாரும் மறுபடி ஒருமுறை உற்றுப் பார்க்க... வேண்டவே வேண்டாம்.

"அவளுக்கு உடம்பு சரியில்லை," என்றாள் கும்ரான். "வரலை."

கரண்டியை எடுத்துக் கஞ்சியில் போட்டாள்.

பாவி மகள். இருபத்துச் சொச்ச வருஷத்தை ஒரே வார்த்தையில் இல்லையென்று ஆக்கிவிட்டாள்.

"அடடா, பெரிய நோயா?" என்று உண்மையாகவே வருந்தினாள் சம்பந்தியம்மா.

"சரியாயிடும்."

தோக்சூ கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். யோன்ஹ்வா வாயை மூடிக்கொண்டாள்.

பொரித்த மீன் வந்தது. நல்ல பாகம் பாட்டியம்மாவுக்கு. முள் எடுத்துக் கொடுத்தாள் சம்பந்தியம்மா. மெல்ல முடியுமா என்று வேறு கேட்டாள். பிறகு யோன்ஹ்வா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பொறந்தது எந்த வருஷம்?"

"பாம்பு வருஷம்."

பொய்யில்லை. ஆனால் பாம்பு வருஷம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறதே. இவள் பிறந்தது முந்தின பாம்பில். அந்த முகத்தைப் பார்த்து சம்பந்தியம்மா எண்ணிக்கொண்டது அடுத்த பாம்பை.

"அப்போ எனக்குச் சின்னவதான். தங்கச்சின்னே கூப்பிடறேன். கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சு நடக்கப்போறது நீதானே?"

கும்ரானின் கையில் சாப்பிடும் குச்சி நின்றது. முந்தின பாம்பு, அறுபது வயசு என்று போட்டு உடைத்துவிட நாக்கு துடித்தது. துடித்து என்ன செய்ய? தன் புளுகும் கூடவே உடையுமே.

"அதைப் பொண்ணுதான் சொல்லணும்," என்றாள் யோன்ஹ்வா தாழ்ந்த குரலில்.

வெளியே சேபோமின் குரல் கேட்டது. எந்த அறை என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கும்ரான் சட்டென்று எழுந்தாள்.

"மெதுவா பாட்டியம்மா," என்று கையை நீட்டினாள் சம்பந்தியம்மா. "நான் வேணா பிடிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம். கை கழுவத்தான்."

◆

நடைபாதையில் சேபோமின் தோளைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சித்தி, என்ன? ஐயோ, முகம் ஏன் இப்படி ஆயிருக்கு?"

"அதை விடு. மாப்பிள்ளை எங்கே?"

"வண்டியை நிறுத்திட்டு வரார். உள்ளே என்ன நடந்தது?"

சொன்னாள். சொல்லச் சொல்ல சேபோமின் முகம் வெளுத்தது.

"அவங்க தெரியாம பேசினாங்க, சரி. நீங்க ஏன் சித்தி அப்படிச் சொன்னீங்க?"

"ஏன்னா? அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நான்தான்னு எப்படிடி சொல்வேன்? எனக்குப் பொறாமை. போதுமா? மூணு வருஷமா அந்த மூஞ்சியைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்கலை. உனக்கு ஜுரம் வந்தப்போ முழிச்சிருந்த கண்ணு இது. இதுல சுருக்கம் விழாம எதுல விழும்? அவ வந்து மெழுகுவத்தியைத் தூக்கிட்டுப் போவா, நான் உக்காந்து கைதட்டணுமா?"

சேபோம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிதல் கும்ரானுக்குப் பிடிக்கவில்லை.

"என்னடி?"

"யோன்ஹ்வா அம்மாகிட்டதான் கேட்டிருக்கேன், சித்தி. போன மாசமே."

கும்ரான் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்கதானே போட்டோன்னாலே ஓடறீங்க. என் பிறந்தநாளுக்கு நிக்கலை. போன வருஷம் ஜெஜு தீவு போனப்போ ஒரு படத்துலகூட நீங்க இல்லை. அவங்க இருக்கற இடத்துல கேமராவைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கறீங்க. ஒரு மண்டபமே பார்க்க எல்லாருக்கும் முன்னாடி நடக்கச் சொன்னா உங்களுக்கு நரகமா இருக்கும்னு நெனைச்சேன். கேட்டுட்டு நீங்க மாட்டேன்னா, அதை என்னால தாங்க முடியாதுன்னு கேக்கவே இல்லை."

"அவ என்ன சொன்னா?"

"'உன் சித்தி நேர்ல வந்து எங்கிட்ட கேட்டா, அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்துடறேன்'னாங்க."

நல்லாயிருக்கு நியாயம். தன் பொருளைத் தானே போய்ப் பிச்சை கேட்க வேண்டும். அதுவும் யாரிடம்?

கதவு நகர்ந்தது. பிச்சை போடுகிறவளே வந்து நின்றாள். கும்ரானின் தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவளுக்கு அது பழக்கம், எந்த முகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான்.

"தோல் உரிக்கிற மருந்து போட்டிருக்கே. எத்தனை நாள்? இது ஆறற வரைக்கும் வெறும் தண்ணியைத் தவிர எதையும் தொடாதே. பயிற்சியும் வேண்டாம்."

கும்ரான் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு சேபோமைப் பார்த்தாள். வீம்பு பார்க்க இனி நேரமில்லை.

"அந்த மெழுகுவத்தியை நான்தான் ஏத்தணும்," என்றாள். "எனக்குக் குடுத்துடுங்க அக்கா."



"எனக்கும் ஆசைதான்," என்றாள் யோன்ஹ்வா. "எனக்குன்னு ஒரு பிள்ளை இல்லை. கேட்டப்போ ராத்திரியெல்லாம் தூங்கலை. ஆனா அது உன்னோடது. எடுத்துக்கோ. இப்போ உள்ளே போய் நீ யாருன்னு சொல்லு. பாட்டியா இருந்துக்கிட்டு எப்படி ஏத்துவே?"

◆

மூன்று பேரும் உள்ளே வந்தபோது சம்பந்தியம்மா மரியாதைக்காக எழுந்து நின்றாள்.

"உக்காருங்க," என்றாள் கும்ரான். "நான் பாட்டி இல்லை. எனக்கு ஐம்பத்தேழு வயசு. சேபோமை வளர்த்த சித்தி நான்தான்."

முதலில் சம்பந்தியம்மாவுக்குப் புரியவில்லை. சேபோமின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. கழுத்திலிருந்து காதுவரை அவளுக்குச் சிவந்துபோயிற்று. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், அந்த இரண்டாவது மெத்தை உட்பட, நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெட்கம் தாங்காதவர்களுக்கு அடுத்து வருவது கோபம்தான்.

"நான் வாய்விட்டுக் கேட்டேனே. வரலை, உடம்பு சரியில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? தெரியாம ஒருத்தி உளர்றா, உளறட்டும்னு எல்லாரும் உக்காந்து வேடிக்கை பார்த்தீங்களா? எங்க வீட்டை இப்படித்தான் சோதிச்சுப் பார்ப்பீங்களா?"

தோக்சூ, "அது வந்து," என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கும்ரான் வாயைத் திறந்தாள். நடைபாதையில் சேபோமிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். பொறாமை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் இனி எந்த முகத்துக்கும் பயப்பட வேண்டாம்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

பேசியது யோன்ஹ்வா. சம்பந்தியம்மாவின் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

"உங்களுக்கு நான் தங்கச்சி இல்லை. எனக்கு அறுபது முடிஞ்சுது. கும்ரான் என்னைவிடச் சின்னவ. அவ வயசு வெளியில வந்தா என் வயசும் வந்துடும்னு, நீங்க பாட்டின்னு நெனைச்சதை அப்படியே விடச் சொல்லிக் கண்ஜாடை காட்டினேன். அவ எனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டா. தப்பு என்னுது."

இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி படக் குனிந்தாள்.

அப்பட்டமான பொய். ஜாடையாவது மண்ணாவது. கும்ரானுக்குத் தெரியும், சேபோமுக்கும் தெரியும். அறுபது வயதுக்காரியை நீ, வா, போ என்று பேசியிருக்கிறோம் என்று சம்பந்தியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நின்ற இடத்திலேயே கைப்பையைத் தேடினாள்.

"என் கையைப் பிடிச்சு யார் நடக்கறதுன்னு நீங்க பேசி முடிச்சிருப்பீங்க," என்றாள். "நான் நடக்கணுமான்னு நான் யோசிக்கணும்."

கதவைத் திறந்தவள், அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்த மகனைத் தாண்டிக்கொண்டு போனாள். ஹன்கியோல் ஒன்றும் புரியாமல் அம்மாவின் பின்னாலேயே ஓடினான்.

யோன்ஹ்வா இன்னும் நிமிரவில்லை. சேபோம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளை அணைத்துத் தூக்கி, கன்னத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கும்ரான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை, கையைப் பிடித்து ஒரு வார்த்தை. ஆனால் தான் செய்த குற்றத்தைக்கூட அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதிலும் அழகாகத் தெரிகிறாளே என்றுதான் தோன்றியது. பிள்ளையின் கை அந்தக் கன்னத்தில் இருந்தது. கும்ரானுக்கு வயிறு பற்றி எரிந்தது.